முப்பத்தொரு முறை திரும்பிய திரை

எங்கள் அலுவலகத்தில் கணினிப் பழுது பார்த்தவருக்குக் 'காரணம்' என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததாக ஞாபகம் இல்லை. நான் வைத்த பெயர் ஒரே வாரத்தில் மூன்று மாடிக்கும் பரவியது. பட்டப்பெயர் வைப்பதில் எனக்கு அப்படி ஒரு கைராசி. எங்கள் மேற்பார்வையாளருக்குக் 'கடிகாரம்' என்று வைத்ததும் நான்தான், அது அவர் காதுக்கே போய் அவரே சிரித்தார் என்றும் கேள்வி.

காரணத்துக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. இடது முழங்கால் மடங்காது, மடங்கினால் சீக்கிரம் நிமிராது. மேசைக்கு அடியில் போய் ஒயரைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் நாற்காலியைப் பிடித்து, பிறகு மேசைக் காலைப் பிடித்து, கடைசியில் தரையைப் பிடித்து இறங்குவார். சட்டைப் பையில் டெஸ்டர், அக்குளில் ஒரு நீள நோட்டு. அந்த நோட்டில் ஐந்து கட்டம் போட்டிருப்பார். தேதி, மேசை எண், புகார் சொன்னவர் சொன்னது, நான் செய்தது, காரணம். கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் அவர் நோட்டை மூட மாட்டார். சரியாகிவிட்டது, கிளம்புங்கள் என்றாலும் நகர மாட்டார்.

"சரியானா பாதி வேலதாம்மா முடிஞ்சிருக்கு. ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மீதி" என்பார்.

நாங்கள் எட்டுப் பேர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தோம். பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது வேலை. ஆளுக்கு இரண்டு திரை. இடது திரையில் பதிவேட்டுப் பக்கத்தின் படம் வரும், வலது திரையில் காலிப் படிவம். இடதில் பார், வலதில் அடி. செத்துப்போனவர்கள், பிழைத்தவர்கள், பாதியில் ஓடிப்போனவர்கள் எல்லாரையும் மணிக்கு நாற்பது பேர் வீதம் அடிக்க வேண்டும். ஒவ்வொருவர் கணக்கும் கடிகாரத்தின் கண்ணாடி அறைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓடும், மூக்கைச் சிந்தினாலும் ஓடும். கணினியில் பழுது என்று புகார் பதிந்தால் மட்டும், அந்தப் புகார் தீரும்வரை நிற்கும். பழுது நம்மால் வந்தது என்று தெரிந்தால் நின்ற நேரத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள்.

இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நியாயம் கற்பிப்பதற்காகச் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். ஒரு நாள் காலையில் ஈரத்துணியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இடது திரை படுத்துக் கிடக்கிறது. எழுத்தெல்லாம் பக்கவாட்டில். மவுஸை மேலே தள்ளினால் அம்பு வலது பக்கம் போகிறது. துடைத்ததால்தான் வந்தது என்றால் என் தலையில் விழும். புகார் பதிந்துவிட்டு, துணியைக் கைப்பைக்குள் திணித்தேன்.

காரணம் அடித்தளத்திலிருந்து படியேறி வந்தார். மின்தூக்கி வெளியாட்களுக்கு மட்டும். மூச்சு வாங்க, நோட்டைப் பிரித்து, என்னை நேராகப் பார்த்து, ஒரு டாக்டர் கேட்பதுபோலக் கேட்டார்.

"அம்மா, கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி. இந்த மூணையும் சேர்த்து அழுத்தினீங்களா? தெரியாம பட்டிருந்தாலும் சொல்லுங்க."

"நான் எதையும் தொடவே இல்ல சார். அதுவாத் திரும்பிருச்சு."

"தொடவே இல்லை" என்று மூன்றாம் கட்டத்தில் எழுதிக்கொண்டார். செட்டிங்ஸுக்குள் போய்த் திரையை நிமிர்த்த அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான்தான் தொடவே இல்லையே. அப்படியென்றால் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் இறங்கினார். கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினார். இரண்டு திரையையும் இடம் மாற்றிப் பார்த்தார். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் சாய்ந்து உட்கார்ந்து விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அப்படி உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

அடுத்த மேசையில் என் தோழி, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுபவள், இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் என்னிடம் வந்து, "அந்த மூணு கீ என்னன்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.

இதுதான் கொடுமை. அந்த மூன்று கீயைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கேட்ட கேள்விதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் ஒல்லியின் திரை தலைகீழாக நின்றது. "நான் எதையும் தொடவே இல்ல சார்" என்றாள், என் குரலிலேயே. அவருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த வாரக் கடைசியில் எட்டுப் பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு சின்னக் காகிதத்தில் முறை எழுதி, என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டோம். திங்கள் உனக்கு, புதன் எனக்கு, வெள்ளி அவளுக்கு. காரணம் படியேறி வரும் சத்தம் கேட்டால் எங்கள் உச்சி குளிரும். இன்றைக்கு யாருக்கு ஓய்வு என்று கண்ணாலேயே பேசிக்கொள்வோம்.

மூன்றாம் வாரம் அவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். எட்டுக் கணினியிலும் அந்த மூன்று கீ வேலை செய்யாதபடி நிறுத்திவிட்டார். "இனிமே தவறிப் பட்டாலும் திரும்பாது. நீங்க பயப்பட வேணாம்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பயந்தோமாம். மவுஸை எடுத்து, அவர் நிமிர்த்துவதற்குப் போகும் அதே செட்டிங்ஸுக்குள் போய், நாங்கள் சாய்த்தோம். அதற்குப் பத்து நொடி கூடுதலாக ஆயிற்று, அவ்வளவுதான்.

அவருக்கோ அதோடு உலகமே குழம்பிப்போனது. கீ நிறுத்தியாயிற்று. எட்டுப் பேரும் தொடவே இல்லை. ஆனாலும் திரும்புகிறது. மின்சாரத்தை அளந்தார். திரைகளை இயக்கும் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டார். கேபிள்களை எல்லாம் மாற்றினார். ஒரு நாள் தன் விடுமுறையைப் போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யோக்கியமாக வேலை பார்த்தோம். ஒரு திரையும் அசையவில்லை. "நான் இருக்கும்போது வருவதில்லை" என்று எழுதிக்கொண்டார். அவர் கடைசிப் படியில் இறங்கியிருக்க மாட்டார், ஒல்லி திருப்பிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த 'இருக்கும்போது வருவதில்லை'யை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் உட்கார்ந்தால் தரைப் பலகை அழுந்துகிறது, அடியில் போகும் ஒயர் அதனால் ஒழுங்காக இருக்கிறது, அவர் எழுந்து போனதும் விலகுகிறது. இதை எங்களிடம் எவ்வளவு அக்கறையாக விளக்கினார் தெரியுமா. நாங்களும் அக்கறையாகத் தலையாட்டினோம். அடுத்த இரண்டு நாள் தரைப் பலகைகளைக் கழற்றினார். முழங்காலில் நின்று, பிறகு குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. எங்கள் எட்டுப் பேருக்கும் இரண்டு நாள் முழு ஓய்வு. என் வாழ்க்கையில் நான் அந்த அலுவலகத்தில் சந்தோஷமாக இருந்த இரண்டு நாள் அதுதான்.

ஒரு தடவை நான் கேட்டேன். கேட்டது பரிதாபத்தில் இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்று வேவு பார்க்கத்தான்.

"ஏன் சார், நாங்க சொல்றத அப்படியே நம்புறீங்க? பொய்யா இருந்தா?"

அவர் தரைப் பலகைமேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். இருபது வயதில் டிவி ரிப்பேர் கடையில் இருந்தாராம். ஒரு பெண் வந்து, டிவியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றாளாம். இவர் போய்ப் பார்த்திருக்கிறார், அடிக்கவில்லை. உங்க பிரமைம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாலாம் நாள் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் கருகிப்போயிற்று.

"அதுலேர்ந்து கம்ப்ளெயின்ட் சொல்றவங்க வார்த்தைக்கு மேல எனக்கு வேற சாட்சி கெடையாதும்மா. மெஷின் பொய் சொல்லும். மீட்டர் பொய் சொல்லும். அத வச்சு வேல செய்யறவங்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

நான் ஆமாம் சார் என்றேன். பிறகு ஒல்லியிடம் போய், "மாட்ட மாட்டோம்டி, அந்த ஆளு நம்மள நம்பறதுன்னு வேண்டிக்கிட்டிருக்காரு" என்றேன்.

பிறகு ஒரு நாள், எங்கள் தலையில் இடி விழுவதுபோல ஒன்று சொன்னார். ஒரே மேசையில் ஒரே பழுது மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் அவருக்கு மெமோ வருமாம். இரண்டு மெமோவுக்கு மேல் போனால் வேலை போய்விடுமாம். அன்றைக்கு மதியம் நாங்கள் கூடிப் பேசினோம். நிறுத்திவிடலாமா என்று ஒருத்தி இழுத்தாள். நிறுத்தவில்லை. முறையை மாற்றி எழுதினோம், யார் மேசையிலும் மாதத்துக்கு மூன்றைத் தாண்டாதபடி. எங்களுக்கு இரக்கமும் இருக்கிறது என்று எங்களை நாங்களே மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

இருபத்தாறாவது தடவையோ இருபத்தேழாவதோ, நான் மாடிப்படி வளைவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது. சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. யாராவது வெளையாட்டுக்குப் பண்றாங்களா? நீங்க இல்லன்னு சொன்னா விட்டுடறேன். எனக்கு மேல நெருக்கறாங்க."

அங்கே சொல்லியிருக்கலாம். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், சும்மா ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால்கூடப் போதும், புரிந்துகொண்டிருப்பார். மறுநாள் வெள்ளிக்கிழமை, என் முறை. அதுதான் என் மனதில் ஓடியது.

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல சார்."

அவர் பதறிவிட்டார். "ஐயோ, அம்மா மேலெல்லாம் எதுக்கும்மா! நான் கேட்டதே தப்பு. மன்னிச்சிருங்க. அம்மா சௌக்கியமா இருக்காங்களா?"

"சௌக்கியம் சார்."

என் அம்மா இறந்து அப்போது ஆறு வருடம். அவளுக்கு இனி என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துத்தான் நாக்கூசாமல் சொன்னேன்.

முப்பத்தொன்றாவது தடவை முடிந்த வாரம் அவரை அனுப்பிவிட்டார்கள். மேசைக்கு மூன்றைத் தாண்டவில்லைதான். ஆனால் கடிகாரத்துக்கு மொத்தமாகக் கூட்டத் தெரியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கடைசி நாள் காரணம் எங்கள் தளத்துக்கு வந்து ஒவ்வொரு மேசையாக நின்று மன்னிப்புக் கேட்டார். "உங்க வேலைக்கு எவ்வளவு எடைஞ்சல் பண்ணிட்டேன். கண்டுபிடிக்க முடியல" என்றார். என் மேசையில் மட்டும் கூடுதலாக ஒரு நிமிடம் நின்று, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்த நோட்டில் முப்பத்தொரு கடைசிக் கட்டம் காலியாகக் கிடந்தது. எனக்குக் காட்டினார். முப்பத்து நாலு வருடத்தில் அப்படி ஒன்றுகூட விட்டதில்லையாம்.

புதிதாக வந்த பழுதுக்காரன் வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தான். திரும்பிக் கிடந்த ஒல்லியின் திரையைப் பார்த்தான். அவளை ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் கழுதை பண்ணின வேல இது?" என்றான் பொதுவாக. திரையை நிமிர்த்தி, செட்டிங்ஸைத் தன் கடவுச்சொல் இல்லாமல் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி, கடிகாரத்திடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனான். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். ஒல்லியின் கணக்கில் அந்த நாலு நிமிடத்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் எந்தத் திரையும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மதியம் என் போன் அடித்தது.

"அம்மா, நான்தான். சாப்பிட்டீங்களா? அம்மா சௌக்கியமா? அந்தப் பழுது இன்னும் வருதா?"

வரவில்லை என்றால், எப்படி நின்றது என்று கேட்பார். ஒரு சின்னப் பையன் நாலு நிமிடத்தில் தீர்த்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் மனம் உடைந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்விக்குத்தான் பயந்திருக்கிறேன்.

"வருது சார். புதுசா வந்தவரும் திணறிக்கிட்டுத்தான் இருக்காரு."

அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். முதலில் என் அம்மாவை விசாரிப்பார், பிறகு பழுதை விசாரிப்பார். நான் இரண்டுக்கும் வாய் கூசாமல் பதில் சொன்னேன். அம்மா சௌக்கியம் சார், பழுது வருது சார். அம்மாவுக்கு ஒரு வாரம் இருமல்கூட வரவழைத்தேன், பேச்சு இயல்பாக இருக்கட்டும் என்று.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. காரணத்தின் மகள்.

"அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அப்பா வாரா வாரம் உங்ககிட்டதான் பேசறாரு. பழைய மானிட்டர் ரெண்டு வாங்கி வீட்டுல மாட்டி வச்சிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காருக்கா. ஒரு கடையில வேலைக்குக் கூப்பிடறாங்க. திங்கக்கெழமைக்குள்ள வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். போக மாட்டேங்கறாரு. இதுக்குக் காரணம் தெரியாம இன்னொருத்தர் மெஷின்ல கை வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. மணிக்கு இருபத்தெட்டுதான் அடித்தேன். கடிகாரம் கண்ணாடியைத் தட்டினார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும், எட்டுப் பேரையும். நான் கெட்டவள்தான், ஆனால் ஒரு மனிதன் வேலைக்குப் போகாமல் கிடப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது என்று நினைத்தபோது நானே எனக்கு நல்லவளாகத் தோன்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் சாப்பாட்டு மேசையை மொத்தமாக எடுத்துக்கொண்டு இரண்டு திரை. எங்கள் அலுவலகத்தில் இருப்பதுபோலவே, அதே இடைவெளியில், இடது திரை கொஞ்சம் உள்ளே சாய்ந்து. என் மேசையை அளந்து வைத்திருந்திருக்கிறார். தரையில் நாலு பலகைகூடப் போட்டிருந்தார், அடியில் ஒயர் விட்டு. மகள் காபித் தம்ளர்களை ஜன்னல் விளிம்பில் வைத்தாள், வேறு இடம் இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

"சார், அது பழுதே இல்ல. நாங்கதான் திருப்பினோம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"என் பொண்ணு போன் பண்ணினாளா?"

"பண்ணினாங்க. ஆனா நான் சொல்றது நெஜம் சார்."

"தெரியும்மா. நாளைக்கு என்னை அந்தக் கடைக்கு அனுப்பணும் அவளுக்கு. நீங்களும் எனக்காகப் பழிய ஏத்துக்க வந்துட்டீங்க."

கீபோர்டை இழுத்து மூன்று கீயையும் சேர்த்து அழுத்தினேன். இடது திரை தலைகீழானது.

"அழுத்தினா திரும்பும். அத நான்தானே உங்களுக்குச் சொன்னேன்" என்றார் பொறுமையாக. "அழுத்தாம எப்படித் திரும்புச்சு? அதுதானே கேள்வி."

"அழுத்தினோம் சார். நீங்க அத நிறுத்தினப்புறம் மவுஸ வச்சு மாத்தினோம். முறை வச்சு மாத்தினோம். பொய் சொன்னோம், எட்டுப் பேரும்."

அவர் நோட்டை எடுத்துவந்து விரித்தார். மூன்றாம் கட்டத்தை விரலால் மேலிருந்து கீழே காட்டிக்கொண்டே போனார். தொடவே இல்லை. தொடவே இல்லை. தொடவே இல்லை.

"முப்பத்தொண்ணும் பொய்யா? எதுக்கும்மா? உங்களுக்கும் எனக்கும் என்ன பகை?"

"பகையெல்லாம் இல்ல சார். நீங்க வந்தா எங்க கணக்கு நிக்கும். கொஞ்சம் ஓய்வு கெடைக்கும். அதுக்குத்தான்."

"ஓய்வா?" அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஓய்வு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்களே. ஒயரப் பிடிச்சிக்கிட்டு நானே ஒரு மணி நேரம் சும்மா ஒக்காந்திருப்பேனே. அதுக்குப் போய் ஒருத்தன் வேலையக் கெடுப்பாங்களா? எட்டுப் பேரு? அப்படி ஒரு ஆபீஸ் இருக்குமாம்மா?"

எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர் தப்பாகப் புரிந்துகொண்டு, அழாதீங்க என்றார். நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அங்கே சிவப்பு மையில் ஒரு வரி, அடிக்கோடு போட்டு. 'தாய் மேல் சத்தியம் செய்தார். இனி இந்தச் சந்தேகம் கூடாது.'

"மத்த ஏழு பேர விடுங்க. நீங்க பெத்த தாய் மேல சத்தியம் பண்ணினீங்க. அவங்க உயிரோட இருக்கையில எந்தப் பொண்ணும் அதுல பொய் சொல்ல மாட்டா. அன்னைக்கு நீங்க சொன்னது நெஜம். இன்னைக்குச் சொல்றதுதான் பொய். எம்மேல இருக்கற எரக்கத்துல சொல்றீங்க."

ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. எங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு சார். அதைச் சொன்னால் அந்த நிமிடமே நம்பிவிடுவார். முப்பத்தொரு கட்டமும் நிரம்பிவிடும். நாளைக் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குப் போவார். நுனி நாக்குவரை வந்துவிட்டது. ஆனால் நான் எட்டுப் பேரில் ஒருத்தியாக மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அந்த வாக்கியத்தில் மற்ற ஏழு பேர் கிடையாது. அதைச் சொன்ன பிறகு அவர் என்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்கு வேண்டாம். உலகத்தில் என்னை நல்லவள் என்று நினைத்த ஒரே ஆள் அவர்.

ஜன்னல் விளிம்பிலிருந்த காபியை எடுத்துக் குடித்தேன்.

அவர் திரையை நிமிர்த்தினார். "இந்தப் பலகை கொஞ்சம் கனமா இருக்கு. அங்க இருக்கறது இதவிட மெலிசு. அதான் இங்க இன்னும் வரமாட்டேங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து, மேசைக் காலைப் பிடித்து, தரையைப் பிடித்து அடியில் இறங்க ஆரம்பித்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் வாசலுக்கு வந்தாள்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"நம்பினாரா?"

"இல்லம்மா."

"வேற ஏதாவது சொல்லிப் பாக்கக் கூடாதா? நாளைக்கு ஒரு நாள்தான்க்கா இருக்கு."

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மேசைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"அம்மா, கெளம்பிட்டீங்களா? இருமல் எப்படி இருக்கு அவங்களுக்கு? நான் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்றேன்.